சுருட்டை முடியும் மேடம் வாக்கரும்

சுருட்டை முடி நீளாது என்பது எங்கள் பாட்டியின் தீர்ப்பு. ஜார்ஜ் டவுன் லெபோ பாசாரில் வாங்கிய நல்லெண்ணெய் என் தலையில் வழிந்ததுதான் மிச்சம். மேடம் சி. ஜே. வாக்கரின் வரலாற்றைப் படித்தபோது, இதே பேச்சை ஓர் இனமே சுமந்திருப்பதை அறிந்தேன்.

அடிமைகளாயிருந்த பெற்றோருக்கு 1867இல் அமெரிக்காவின் லூயிசியானாவில் பிறந்தவர் சேரா. ஏழு வயதில் அனாதை; பதினான்கில் திருமணம்; இருபதில் விதவை. செயின்ட் லூயிசில் துணி துவைத்துப் பிழைத்தபோது முடி கொட்டத் தொடங்கியது. கறுப்பர் முடி மட்டமானது, வளராது என்று பலரும் நம்பிய காலம் அது. கோளாறு முடியில் இல்லை, தலைத் தோலில் என்று சேரா கண்டுகொண்டார். குழாய்நீர் இல்லாத வீடுகளில் தலைமுழுகுவதே அரிது. பொடுகும் புண்ணும் மலிந்திருந்தன. அடிக்கடி தலை கழுவுதல், கந்தகம் கலந்த களிம்பு, இவையே அவர் காட்டிய வழி. (அன்னி மலோனிடம் முகவராக இருந்துதான் இத்தொழிலில் நுழைந்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும்.) 1906இல் வாக்கரை மணந்து அப்பெயரிலேயே விற்றார். 1910இல் இண்டியானாபொலிசுக்கு வந்து ஆலை நிறுவினார். ஆயிரக்கணக்கான கறுப்பினப் பெண்கள் அவருடைய முகவர்களாகிச் சொந்தமாகச் சம்பாதித்தனர். 1919இல், 51 வயதில் மறைந்தார்.

சூடான சீப்பால் முடியை நேராக்கக் கற்பித்தார் என்ற குறை அவர்மேல் உண்டு. எனக்கும் அது உறுத்தல்தான்.

சுருட்டை முடியும் வளரவே செய்கிறது. சுருண்டிருப்பதால் குட்டையாகத் தெரிகிறது, காய்ந்தால் எளிதில் ஒடிகிறது. பாட்டியிடம் இதை விளக்கினேன். கேட்டுக்கொண்டே எண்ணெயைச் சூடாக்கினார்.