வேலை போனா வீடும் போகுமா? துன் சம்பந்தன் 10 வெள்ளியில் தேடிய விடை

ஜொகூர் பாருவில் மவுண்ட் ஆஸ்டின் என்றதும் கஃபேயும் கடைவரிசையும்தான் நமக்கு ஞாபகம் வரும். ஆனா ஒரு காலத்தில் அது ரப்பர் தோட்டம். ஜொகூரில் இன்றைய தாமான்கள் பலவற்றுக்கும் இதே கதைதான்.

தோட்டத்து லயத்து வீடு நிர்வாகத்துக்குச் சொந்தம். வேலை இருக்கும் வரைதான் அதில் இருக்கலாம். இந்தச் சிக்கலைக் கையில் எடுத்தவர் துன் வீ.தி. சம்பந்தன்.

யார் இவர்?

1919-ல் பேராக், சுங்கை சிப்புட்டில் பிறந்தவர். அப்பா ரப்பர் தோட்ட உரிமையாளர். மகன் தமிழ்நாட்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தார். 1955 முதல் 1973 வரை ம.இ.கா தலைவர், 1955 முதல் அமைச்சர்.

தோட்டத் துண்டாடல்னா என்ன?

சுதந்திரம் நெருங்கிய 1950-களில் ஆங்கிலேய நிறுவனங்கள் பல, தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். தொழிலாளர்களுக்கு ஒரே நேரத்தில் வேலை, வீடு, பிள்ளைகளின் பள்ளி, கோயில் எல்லாமே கைவிட்டுப் போனது. போக இடமில்லாத பலர் பட்டண ஓரங்களில் புறம்போக்கு நிலத்தில் குடிசை போட்டார்கள். அங்கே குழாய்த் தண்ணீரும் மின்சாரமும் எளிதில் கிடைக்கவில்லை.

என்ன செய்தார்?

விற்கப்படும் தோட்டத்தைத் தொழிலாளர்களே ஏன் வாங்கக் கூடாது? இதுதான் அவர் யோசனை. 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. மாதம் 10 வெள்ளி கட்டினால் பங்கு சேரும். பால்மரத் தொழிலாளிக்கு அது சில நாள் கூலி. சும்மா கொடுத்துவிட முடியாது. அதனால் தோட்டம் தோட்டமாகப் போய் அவரே பேசி உறுப்பினர்களைச் சேர்த்தார். கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. பிறகு இன்னும் பல.

எல்லாரையும் காப்பாற்ற முடிந்ததா?

இல்லை. 1979-ல் சம்பந்தன் காலமானார். அதற்குப் பிறகு பட்டணங்கள் வளர வளர, சங்கத்தின் கைக்கு வராத தோட்டங்கள் பல தாமான்களாக மாறின. தலைமுறை தலைமுறையாக அங்கே உழைத்தும் சொந்த வீடு இல்லாமல் வெளியேறிய குடும்பங்கள் ஏராளம்.

இப்போ ஏன் இது முக்கியம்?

குறைந்த வருமானக் குடியிருப்புகளை மேம்படுத்துவது என்றால் கூரை, வடிகால், லிஃப்ட் பற்றித்தான் முதலில் பேசுவோம். அவை கட்டாயம் வேணும். ஆனா சரிசெய்த வீட்டில் நாளைக்கும் அதே குடும்பம் இருக்குமா என்பதை முடிவு செய்வது நில உரிமை. சம்பந்தன் 10 வெள்ளி திரட்டியது அந்த உரிமைக்காகத்தான்.