கோழிக்கூடத்தில் ஒரு கலைக்கூடம்

1863ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். இங்கிலாந்தின் தென்கரையை அடுத்துள்ள வைட் தீவில் பிரெஷ்வாட்டர் என்பது ஒரு சிற்றூர். அவ்வூரிலிருந்த ‘டிம்போலா’ என்னும் இல்லத்திற்கு ஒரு பரிசு வந்து சேர்ந்தது. மரத்தால் ஆன கனத்த பெட்டி. அதன் முன்புறம் பித்தளைக் குழலுக்குள் பொருத்திய கண்ணாடி வில்லை. அக்காலத்து ஒளிப்படக் கருவி அது. அனுப்பியவர்கள் அவ்வீட்டின் மகளும் மருமகனும். பெற்றுக்கொண்டவர் ஜூலியா மார்கரெட் கேமரன் என்னும் பெண்மணி. அப்போது அவருக்கு அகவை 48.

மகள் மணமாகிச் சென்றுவிட்டாள். மகன்கள் படிப்பின் பொருட்டும் பணியின் பொருட்டும் வெளியூர்களில் இருந்தனர். கணவர் சார்லஸ் ஹே கேமரன், தம் காப்பித் தோட்டங்களைப் பார்த்துவர இலங்கைக்குச் சென்றிருந்தார். எப்போதும் விருந்தினர் நிறைந்திருந்த வீடு வெறிச்சோடிக் கிடந்தது. தாயின் தனிமையைப் போக்க ஒரு பொழுதுபோக்கு இருக்கட்டும் என்பதே மகளின் எண்ணம். பேரக்குழந்தைகளைக் கொஞ்சி ஓய்ந்திருக்கும் பருவம் என்று ஊரார் கருதும் வயதில் அந்தப் பெட்டி அவர் கைக்கு வந்தது. கேமரன் என்னும் பெயரையும் கேமரா என்னும் சொல்லையும் இணைத்துப் பார்க்கத் தோன்றும். ஆனால் அது கணவர் வழியாக வந்த ஸ்காட்லாந்துக் குடும்பப்பெயர். கருவிக்கும் அப்பெயருக்கும் தொடர்பில்லை.

ஒளிப்படம் அவருக்கு அன்றுதான் அறிமுகமாயிற்று என்று கூறிவிட முடியாது. ஜூலியா 1815ஆம் ஆண்டு ஜூன் 11 அன்று கல்கத்தாவில் பிறந்தார். தந்தை ஜேம்ஸ் பாட்டில் கிழக்கிந்தியக் கம்பெனியின் உயர் அலுவலர். தாய் பிரெஞ்சுக் குடிவழியினர். இளமையின் பெரும்பகுதி பிரான்சில் பாட்டியின் வீட்டில் கழிந்தது. உடல்நலம் தேறுவதற்காக 1836இல் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனைப் பகுதிக்குச் சென்றபோது இருவரைச் சந்தித்தார். ஒருவர் பின்னர் அவரை மணந்த சார்லஸ் ஹே கேமரன். இருபது ஆண்டு மூத்தவர். இலங்கை ஆட்சிச் சீர்திருத்தங்களுக்கு அடிகோலிய கோல்புரூக் கேமரன் ஆணைக்குழுவில் பணியாற்றியவர். மெக்காலேயுடன் இந்தியச் சட்ட ஆணையத்தில் இருந்தவர். மற்றவர் தென்வானத்து விண்மீன்களை ஆராய அங்குத் தங்கியிருந்த வானியலாளர் ஜான் ஹெர்ஷெல்.

ஒளியால் பதிந்த உருவத்தை மறையாமல் நிலைநிறுத்தும் வேதிப்பொருளின் இயல்பை முதலில் கண்டறிந்தவர் ஹெர்ஷெல்லே. 1842இல் கல்கத்தாவிலிருந்த ஜூலியாவுக்குத் தொடக்ககால ஒளிப்படங்கள் சிலவற்றை அவர் அனுப்பிவைத்தார். அவற்றைக் கண்ட வியப்பு ஜூலியாவின் உள்ளத்தில் தங்கியது. ஆனால் குடும்பமும் பிள்ளைகளும் தலைமை ஆளுநர் மாளிகை விருந்துகளும் அவரை ஆட்கொண்டன. 1848இல் குடும்பம் இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தது. பிறர் எடுத்த படங்களைத் தொகுப்பேடுகளில் ஒட்டி நண்பர்களுக்கு அளிப்பதோடு அவருடைய ஆர்வம் நின்றது. விதை விழுந்து இருபதாண்டுகள் கழிந்த பின்னரே முளைவிட நேரம் வாய்த்தது.

வீட்டின் நிலக்கரிக் கிடங்கு இருட்டறை ஆயிற்று. கோழிகள் வெளியேற்றப்பட்டன, கண்ணாடி வேய்ந்த கோழிக்கூடம் படப்பிடிப்புக் கூடமாக மாறியது. கற்பிக்க ஆசிரியர் எவரும் இல்லை.

விரல் நுனியில் படமெடுக்கும் இக்காலத்தவர்க்கு அன்றைய உழைப்பைக் கற்பனை செய்வதே அரிது. முதலில் ஒரு கண்ணாடித் தகட்டைத் துகளின்றித் துடைக்க வேண்டும். கொலோடியன் என்னும் பிசுபிசுப்பான நீர்மத்தை அதன்மேல் ஊற்றித் தகட்டை நான்கு மூலைக்கும் சாய்த்துச் சீராகப் பரப்ப வேண்டும். பின்னர் இருட்டறையில் வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் அதனை மூழ்கவைத்தால்தான் அது ஒளியை உணரும். ஈரம் உலர்வதற்குள் கருவியில் பொருத்திப் படமெடுத்து, மீண்டும் இருட்டறைக்கு ஓடி உருவத்தை வெளிக்கொணர்ந்து, நிலைநிறுத்தி, நீரில் பலமுறை கழுவ வேண்டும். ஈரம் உலர்ந்தால் தகடு வீண். இவ்வளவுக்குப் பிறகும் கிடைப்பது எதிர்ப்படிவமே. அதனை முட்டை வெண்கரு பூசிய தாளின்மேல் வைத்து வெயிலில் காட்டினால்தான் படம் கிடைக்கும். நிலைநிறுத்துவதற்கு ஜூலியா பயன்படுத்தியது பொட்டாசியம் சயனைடு, உயிர்கொல்லும் நஞ்சு. வெள்ளி நைட்ரேட்டுக் கறையால் அவருடைய கைகளும் ஆடைகளும் மேசை விரிப்புகளும் கருத்துப்போயின.

முதல் முயற்சி தோல்வி. கூலி கொடுத்து அமரவைத்த ஓர் உழவரின் உருவம் தகட்டில் நன்றாகவே பதிந்திருந்தது. ஈரமான பக்கத்தில் அறியாமல் கையை வைத்துத் தேய்த்ததால் அது அழிந்துபோயிற்று. இத்தகைய தோல்விகளைப் பின்னாளில் தாம் எழுதிய குறிப்பில் அவரே மறைக்காமல் பதிந்துவைத்தார். 1864 ஜனவரி இறுதியில் ஆனி என்னும் சிறுமியின் படம் பழுதின்றி அமைந்தது. அன்றே அதனை அச்சிட்டுச் சட்டமிட்டு அச்சிறுமியின் தந்தைக்கு அளித்தார். தம்முடைய முதல் வெற்றி என அப்படத்தின்மேல் எழுதியும் வைத்தார். ஒரு மாத முயற்சியின் பயன் அது.

அடுத்து நேர்ந்ததுதான் அவரைப் பொழுதுபோக்காளர் பலரிடமிருந்து வேறுபடுத்தியது. அக்காலத்தில் சிறந்த ஒளிப்படம் எனப்பட்டது மயிரிழையும் துணியின் மடிப்பும் துலங்குமாறு கூர்மையாக எடுக்கப்பட்ட படமே. முழு உருவமும் நாற்காலியும் திரைச்சீலையும் பின்னணித் தூணும் அதில் தவறாது இடம்பெறும். ஜூலியா கருவியை முகத்திற்கு வெகு அருகில் கொண்டுசென்றார். பின்னணியை இருளில் ஆழ்த்தி, ஒரு பக்கத்திலிருந்து மட்டும் ஒளி விழச் செய்தார். வில்லையைத் திருகும்போது உருவம் முழுக்கூர்மை அடையும் முன்பே, கண்ணுக்கு அழகாகத் தோன்றிய இடத்தில் நிறுத்தினார். அமர்ந்திருப்பவர் சில நிமிடங்கள் அசையாதிருக்க வேண்டும். அத்தனை நேரம் எவராலும் கல்லாய் இருக்க இயலாது. மூச்சின் அசைவும் சேர்ந்து முகத்தைச் சற்றே மங்கலாக்கும். அம்மங்கலை அவர் குறையாகக் கருதவில்லை.

ஒளிப்பட இதழ்கள் கருதின. குவியம் சரியில்லை, தகட்டில் கைரேகை தெரிகிறது, கீறலும் கறையும் மலிந்துள்ளன, தொழில் அறியாதவர் வேலை என்று அவை கண்டித்தன. இக்கண்டனத்தில் ஒரு பகுதி நியாயமானதே. அவருடைய தகடுகள் பலவற்றில் தூசியும் விரல் தடமும் உண்டு. தூய்மையில் அவர் பொறுமை காட்டியவர் அல்லர். ஆனால் மங்கல் வேறு, கறை வேறு. கறை கவனக்குறைவால் வந்தது. மங்கல் அவரே தேர்ந்துகொண்டது. இரண்டையும் ஒன்றாகக் கட்டித் தள்ளியது திறனாய்வாளர்களின் பிழை. ஓவியர்கள் அவருடைய படங்களின் அருமையை உடனே உணர்ந்தனர். இலண்டன் தென்கென்சிங்டன் அருங்காட்சியகம் 1865இலேயே அவற்றை விலைக்கு வாங்கிக் காட்சிக்கு வைத்தது.

அண்டை வீட்டுக்காரர் கவிஞர் டென்னிசன். அவரைக் காண வந்த அறிஞர் பலர் ஜூலியாவின் கோழிக்கூடத்தில் அமர நேர்ந்தது. வரலாற்றாசிரியர் கார்லைல் அவருடைய கருவியின்முன் அமர்ந்தார். 1868 கோடையில் ஜூலியாவின் குடும்பத்திற்குரிய வீடு ஒன்றில் வாடகைக்குத் தங்கிய டார்வினும் அமர்ந்தார். தம் முதுபெரும் நண்பர் ஹெர்ஷெல்லைப் படமெடுக்க 1867இல் கருவியையும் தகடுகளையும் சுமந்துகொண்டு கென்ட் மாவட்டத்திலிருந்த அவர் வீட்டிற்கே சென்றார். வெண்ணிற முடி சிலிர்த்து நிற்க வேண்டும் என்பதற்காக அவரைத் தலைமுடியைக் கழுவிக்கொண்டு வரச் செய்தார். இருளிலிருந்து எழும் அந்த முகமும் வானை அளந்த கண்களும் ஒளிப்பட வரலாற்றில் நிலைபெற்றுவிட்டன. ஒளிப்படம் என்னும் வியப்பை அவருக்கு முதன்முதல் அறிமுகப்படுத்தியவருக்கு அவர் செலுத்திய கைம்மாறு அது.

புகழ்பெற்றோர் மட்டுமே அவர் கண்ணுக்குத் தெரிந்தனர் என்று கொள்ளலாகாது. வீட்டுப் பணிப்பெண் மேரி ஹில்லியர் அவர் படங்களில் அன்னை மரியாவாக அமர்ந்தார். மேரி ரயான் என்பவர் வறுமையால் இரந்து வாழ்ந்த அயர்லாந்துத் தாயின் மகள். ஜூலியா தம் வீட்டில் சேர்த்துக் கல்வியளித்து வளர்த்தவர். இலண்டனில் நடந்த கண்காட்சியில் மேரி ரயானின் படத்தைக் கண்டு உள்ளம் பறிகொடுத்த ஓர் இளைஞர் 1867இல் அவரை மணந்தார். அவ்விளைஞர்தாம் கும்பகோணத்தில் பிறந்து, இந்திய ஆட்சிப்பணியில் உயர்ந்து, 1904இல் இந்திய தேசியக் காங்கிரசின் தலைவராக வீற்றிருந்த ஹென்றி காட்டன். தங்கை மகள் ஜூலியா ஜாக்சனையும் அவர் பலமுறை படமெடுத்தார். அந்த ஜூலியா ஜாக்சனின் மகளே நாவலாசிரியர் வர்ஜீனியா வுல்ஃப். 1926இல் ராஜர் ஃப்ரையுடன் இணைந்து ஜூலியாவின் படங்களை நூலாக வெளியிட்டு, மறக்கப்பட்டிருந்த பெயரை மீட்டவர் அவரே.

இக்கலை அவருக்கு வெறும் பொழுதுபோக்காக நீடிக்கவில்லை. இலங்கைத் தோட்டங்களின் வருவாய் குறையக் குறைய, படங்களை விற்றுப் பொருளீட்டவும் அவர் விரும்பினார். 500க்கும் மேற்பட்ட படங்களுக்குப் பதிப்புரிமை பதிவு செய்தார், கண்காட்சிகள் நடத்தினார். எனினும் வேதிப்பொருள்களுக்கும் தகடுகளுக்கும் ஆன செலவு வரவைக் காட்டிலும் மிகுதி. சிறந்த தகடுகள் சிலவற்றின் மேற்பூச்சு வெடித்துப் பாழாகிய துயரமும் நேர்ந்தது. டென்னிசனின் ஆர்தர் மன்னன் கதைப்பாடல்களுக்காக அவர் பெருமுயற்சியுடன் எடுத்த படங்கள் அந்நூலில் சிறிய மரச்செதுக்கு அச்சுகளாகச் சுருங்கின. மனம் ஒப்பாமல் தம் செலவிலேயே அவற்றைப் பெரிய அளவில் தனிநூலாக வெளியிட்டார். இதற்கிடையே 1873இல், கருவியைப் பரிசளித்த மகள் பிள்ளைப்பேற்றின்போது இறந்துபோனாள்.

1869 முதல் இலங்கைக் காப்பித் தோட்டங்களை இலைத்துரு நோய் அரிக்கத் தொடங்கியிருந்தது. கணவருக்கோ எண்பது அகவை. இலங்கைமீது தீராப் பற்று. மகன்களும் அங்கேதான் இருந்தனர். 1875இல் இருவரும் இங்கிலாந்தை விட்டுப் புறப்பட்டனர். இறுதிக்காலத்தை எண்ணிச் சவப்பெட்டிகள் இரண்டையும் பயணப்பொருள்களோடு எடுத்துச் சென்றனர் என்பர்.

மகன் ஒருவர் அரசுப்பணி புரிந்த களுத்துறையில் அவர்கள் தங்கினர். கடற்கரை வெப்பத்தில் கொலோடியன் விரைந்து உலர்ந்தது. வேதிப்பொருள்கள் எளிதில் கிடைக்கவில்லை. ஆயினும் ஜூலியா கருவியை மூலையில் போட்டுவிடவில்லை. 1877இல் அங்கு வந்த மரியான் நார்த் என்னும் மலர் ஓவியரைப் படமெடுத்தார். அவ்வூர் மக்களையும் தோட்டத் தொழிலாளர்களையும் கருவியின்முன் நிறுத்தினார். சென்னை மாகாணத்து ஊர்களிலிருந்து கடல் கடந்தும் காட்டுவழி நடந்தும் சென்ற தமிழரின் உழைப்பில் நின்றவை அத்தோட்டங்கள். இலங்கையில் அவர் எடுத்தவற்றுள் இன்று எஞ்சியிருப்பவை முப்பதுக்கும் குறைவு.

அவற்றைக் காண்போர்க்கு ஒரு வேறுபாடு புலப்படும். பிரெஷ்வாட்டரில் சமையற்கட்டில் வேலை செய்த பெண்ணின் பெயர்கூட நமக்குத் தெரிகிறது. இலங்கைப் படங்களில் இருப்போருள் பெரும்பாலோர்க்குப் பெயர் இல்லை. இளம்பெண், உழவர் குழு என்னும் பொதுக்குறிப்புகளே உள்ளன. முகங்களை அவ்வளவு நெருங்கிப் பார்த்த கண், அங்குச் சற்றே விலகி நின்றது. தோட்ட முதலாளியின் மனைவிக்கும் தோட்டத்தில் கூலிக்கு உழைத்தவர்க்கும் இடையிலிருந்த தொலைவு அப்படங்களில் பதிந்திருக்கிறது. ஆயினும் கண்களைத் தாழ்த்தாமல் வில்லையை நேர்நோக்கும் முகங்கள் சில அவற்றிலும் உண்டு.

1879 ஜனவரி 26 அன்று, இலங்கை மலைநாட்டின் டிக்கோயாப் பள்ளத்தாக்கில் மகனின் தோட்டத்து இல்லத்தில் ஜூலியா காலமானார். அவரைவிட இருபதாண்டு மூத்த கணவர் மறு ஆண்டில் மறைந்தார். பொகவந்தலாவைப் புனித மரியாள் தேவாலய வளாகத்தில் இருவரும் அடக்கம் செய்யப்பட்டனர். அவர்களை வாழவைத்த காப்பி அம்மலைச் சரிவுகளில் பட்டுப்போய்க்கொண்டிருந்தது. அது அழிந்த இடங்களில் தேயிலை வேரூன்றத் தொடங்கியிருந்தது.