பதினைந்து பிள்ளைகள் பெற்ற மன்னர்

இங்கிலாந்தை 59 ஆண்டுகள் ஆண்டவர், மூன்றாம் ஜார்ஜ் மன்னர். 1799-ல் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டதும், 1801-ல் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டதும் இவர் காலத்தில்தான்.

ஊரையே ஆண்ட அந்த மன்னரைக் கடைசிக் காலத்தில் கவனித்துக்கொள்ள, ஒரு குடும்பமே சண்டை போட்டது!

ஜார்ஜ் பிறந்தது 1738-ல். 22-வது வயதில் பட்டத்துக்கு வந்தார். ஜெர்மன் இளவரசி சார்லட்டை மணந்தார். ஆண் 9, பெண் 6. ஆகப் பதினைந்து பிள்ளைகள். மன்னர் எளிமையானவர். பயிர்த் தொழிலில் ஆசை. மூத்த மகனோ சூதாடிக் கடன் வாங்குகிறவன். தந்தைக்கும் மகனுக்கும் ஒத்துப்போகவில்லை.

மனைவி ஒரு பக்கம், மகன் ஒரு பக்கம்

1788-ல் மன்னருக்குப் புத்தி பேதலித்தது. தூக்கம் இல்லை. வாய் ஓயாமல் பேசினார். குரல் கம்மியும் பேச்சு நிற்கவில்லை.

இனி குணமாவது கஷ்டம் என்றார், டாக்டர் வாரன். மூத்த மகன் அவர் பக்கம் நின்றான். தந்தைக்குக் குணமாகாவிட்டால், அதிகாரம் மகன் கைக்கு வரும் அல்லவா?

குணமாக்கிக் காட்டுகிறேன் என்றார், டாக்டர் வில்லிஸ். ராணி அவரை நம்பினாள்.

மன்னரை வின்ட்சர் அரண்மனையிலிருந்து கியூ என்ற இடத்துக்குக் கொண்டுபோக முடிவாயிற்று. அவர் வர மறுத்தார். மனைவி மக்களை அங்கே பார்க்கலாம் என்று ஆசை காட்டினார்கள். நம்பிப் போனார். அங்கே போனதும் பார்க்க விடவில்லை!

வில்லிசின் வைத்தியம் கடுமையானது. மன்னர் சொன்னபடி கேட்காவிட்டால், கைகளைக் கட்டிப் போடுவார். நாற்காலியோடு சேர்த்துக் கட்டுவதும் உண்டு. ராணி அன்போடு நம்பிய வைத்தியர் செய்த வேலை இது.

1789 பிப்ரவரியில் மன்னர் தேறிவிட்டார். மகன் ஏமாந்தான்.

பிள்ளைகள் கொடுத்த வாக்கு

1804-ல் நோய் திரும்பியது. வில்லிஸ் குடும்பத்தாரிடம் தம்மை மறுபடி ஒப்படைக்கக் கூடாது என்று, மன்னர் முன்பே பிள்ளைகளிடம் வாக்கு வாங்கியிருந்தார். கென்ட் பிரபு, கம்பர்லாந்து பிரபு என்ற இரண்டு மகன்களும் வாசலில் நின்று அவர்களைத் தடுத்தார்கள். ஆனால் என்ன பயன்? பதிலுக்கு வந்த டாக்டரும் கட்டித்தான் போட்டார்.

1810 நவம்பரில் கடைசி மகள் அமேலியா இறந்தாள். மன்னரின் செல்லப் பெண். அந்தச் சமயத்தில் கலங்கிய மனம் பிறகு தெளியவே இல்லை. 1811-ல் மூத்த மகன் ஆட்சிப் பொறுப்பை ஏற்றான். மன்னரைப் பராமரிக்கும் பொறுப்பை, ஒரு சபையின் துணையோடு பார்லிமெண்டு ராணியிடம் கொடுத்தது.

தனிமைதான் மருந்து என்றார்கள் வைத்தியர்கள். மன்னருக்குக் கண் தெரியவில்லை; பிறகு காதும் போயிற்று. வெள்ளைத் தாடி நீண்டது. செத்துப்போனவர்களோடு பேசினார். அமேலியா ஹானோவரில் சுகமாக இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இது என்ன நோய் என்று இன்றும் தர்க்கம் நடக்கிறது. பரம்பரையாக வரும் ஒரு நோய் என்று 1966-ல் எழுதினார்கள். மனநோய் என்றும், கடைசி ஆண்டுகளில் அதோடு முதுமை மறதியும் சேர்ந்தது என்றும் இப்போது பலர் கருதுகிறார்கள்.

பத்தாயிரம் பவுன் சம்பளம்

1818-ல் ராணி இறந்தாள். அறுபது ஆண்டு வாழ்க்கைக்கு மூன்று ஆண்டுதான் குறைவு. மன்னருக்கு அது தெரியாது.

அடுத்து யார் பார்த்துக்கொள்வது? இரண்டாவது மகன் யார்க் பிரபு பொறுப்பு ஏற்றார். சும்மா அல்ல, ஆண்டுக்கு 10,000 பவுன் கொடுத்தார்கள்! பெற்ற தகப்பனைக் கவனிக்கவா இவ்வளவு பணம் என்று பலர் முகம் சுளித்தார்கள். ஆனாலும் பணம் கொடுக்கப்பட்டது.

1820 ஜனவரி 29-ந்தேதி, 81-வது வயதில் மன்னர் இறந்தார். யார்க் பிரபு பக்கத்தில் இருந்தார். வாக்குக் காப்பாற்ற வாசலில் நின்ற கென்ட் பிரபு, ஆறு நாள் முன்புதான் இறந்திருந்தார்.