பேராசிரியர் ஜி. என். ராமச்சந்திரன்

நீலசந்திராவில் குடியிருக்கும் நம்மில் பலர், டாட்டா இன்ஸ்டிடியூட் என்று இவ்வூரார் வழங்கும் இந்திய விஞ்ஞானக் கழகத்தை நகரின் மறுகோடியில் உள்ள ஒரு பெரிய தோட்டமாகவே அறிவோம். அங்கே மாணவராகவும் பேராசிரியராகவும் விளங்கிய தமிழர் ஒருவரின் வரலாற்றை இவ்வாண்டு மலரில் எழுத விழைந்தோம்.

1922-ஆம் ஆண்டு அக்டோபர் 8-ஆம் நாள் எர்ணாகுளத்தில் ராமச்சந்திரன் பிறந்தார். தந்தையார் கணிதப் பேராசிரியர். திருச்சி புனித சூசையப்பர் கல்லூரியில் பௌதிகம் பயின்றபின், 1942-இல் பெங்களூருக்கு மின்பொறியியல் கற்க வந்தார். இவரது மனம் பௌதிகத்திலேயே ஊன்றியிருப்பதைக் கண்ட சர். சி. வி. ராமன் தம் துறைக்கே சேர்த்துக்கொண்டார். பின்னர்க் கேம்பிரிட்ஜ் சென்று, 1949-இல் டாக்டர் பட்டத்துடன் திரும்பினார்.

1952-இல், முப்பது வயது நிரம்புமுன்பே, சென்னைப் பல்கலைக்கழகப் பௌதிகத் துறையின் தலைமை இவரைத் தேடி வந்தது. அச்சமயம் சென்னைக்கு வந்திருந்த லண்டன் விஞ்ஞானி பெர்னால், கொல்லாஜன் என்னும் புரதத்தின் அமைப்பு இன்னும் விளங்கவில்லை என்றார். நம் தோலையும் எலும்பையும் தசைநாணையும் கட்டிக் காப்பது அப்புரதமே. ராமச்சந்திரன் அதனையே கையிலெடுத்தார். அருகிலிருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் உதவியது. கங்காருவின் வால் தசைநாணும் ஆராய்ச்சிக்குப் பயன்பட்டது. (பௌதிகத் துறைக்குக் கங்காரு எதற்கு என்று கேட்டவர்களும் இருந்திருப்பார்கள்!) அதனூடே எக்ஸ்ரே கதிரைச் செலுத்தி, தகட்டில் விழுந்த புள்ளிகளை அளந்து, கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து 1954-இல் விடை கண்டார். முப்புரிக் கயிறு போல மூன்று இழைகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொண்டிருக்கின்றன என்பதே அவ்விடை.

இங்கேதான் சோதனை வந்தது. இவர் வரைந்த அமைப்பில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டன என்று கிரிக், ரிச் என்னும் இரு மேனாட்டு அறிஞர்கள் குறைகூறி, திருத்திய வடிவமொன்றை வெளியிட்டார்கள். புகழ் அவர்கள் பக்கம் சாய்ந்தது. வேறொருவராயின் மறுப்புக் கட்டுரை எழுதியே காலத்தைக் கழித்திருப்பார். இவரோ, அணுக்கள் எவ்வளவு தூரம்தான் நெருங்கலாம் என்று கேட்டு, அதுவரை அமைப்புத் தெரிந்திருந்த படிகங்களிலெல்லாம் அணுக்களின் இடைவெளியைத் தொகுக்கலானார். சசிசேகரன், ராமகிருஷ்ணன் ஆகிய இரு மாணவர்கள் துணைநின்றனர். புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் திரும்பலாம், எவற்றில் திரும்பவியலாது என்று காட்டும் படமொன்று 1963-இல் வெளிவந்தது. எங்கே ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டாலும் அதனை ராமச்சந்திரன் படத்தில் இட்டுச் சரிபார்ப்பது இன்றும் வழக்கம். முப்புரி என்ற அடிப்படையும் நிலைத்தது. ஆயினும் இழைகளுக்கிடையே உள்ள பிணைப்புகளின் எண்ணிக்கையில் எதிர்த்தரப்பார் கூறியதே பொருந்திற்று என்பதையும் மறைக்கலாகாது.

சென்னையை விட்டு மீண்டும் பெங்களூர் வந்த இவர், விஞ்ஞானக் கழகத்தில் மூலக்கூறு உயிர்ப்பௌதிகத் துறையை நிறுவினார். 1971-இல் லட்சுமிநாராயணனுடன், எக்ஸ்ரே நிழல்களைக் கொண்டு உடலின் உட்புறத்தைப் படமாக மீட்டெடுக்கும் கணக்குமுறையொன்றை வெளியிட்டார். மருத்துவமனைகளில் நாம் காணும் சி.டி. ஸ்கேன் இயந்திரங்களில் நெடுங்காலம் பயன்பட்டது இவ்வகைக் கணக்கே. 1979-இல் சி.டி. ஸ்கேனுக்கான நோபல் பரிசு வேறு இருவருக்குக் கிடைத்தது. இவருக்கு அப்பரிசு எதற்காகவும் வரவில்லை. 1977-இல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினராக்கியது.

முதுமையில் நடுக்குவாத நோய் வாட்டியது. 1998-இல் துணைவியார் ராஜலட்சுமி அம்மையாரை இழந்தார். 2001 ஏப்ரல் 7-ஆம் நாள் சென்னையில் காலமானார்.