பாதைகளைக் கூட்டிப் பார்த்த ஃபெய்ன்மன்

மலருக்கு ஏதாவது எழுதுங்கள் என்று சங்க நண்பர்கள் கேட்டார்கள். விடுதிக் கதைகளை மற்றவர்கள் எழுதிவிடுவார்கள். நாம் நம்ம பாடத்திலிருந்து ஒரு மனிதரை எடுத்துக்கொள்வோமே என்று தோன்றியது. ரிச்சர்ட் ஃபெய்ன்மன் எழுதிய மூன்று பாக விரிவுரை நூலை இயற்பியல் படித்தவர்களில் பலர் புரட்டியாவது பார்த்திருப்போம். கணக்குப் போடும் இயந்திரங்களோடு அவருக்கு வாழ்நாள் முழுக்க இருந்த உறவு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. இன்றைய குவாண்டம் கணிப்பொறிச் செய்திகளுக்கெல்லாம் வேர் அங்கேதான் இருக்கிறது.

ஃபெய்ன்மன் 1918 மே 11 அன்று நியூயார்க்கில் பிறந்தார். அப்பா சீருடை வியாபாரத்தில் இருந்தவர். பையன் அக்கம்பக்கத்து வீட்டு ரேடியோக்களை ரிப்பேர் பண்ணிக்கொண்டே வளர்ந்தான். எம்.ஐ.டி.யில் 1939-ல் பட்டம், பிரின்ஸ்டனில் 1942-ல் டாக்டர் பட்டம். அதே ஆண்டு, காசநோயால் படுத்திருந்த ஆர்லீனை வீட்டார் தயக்கத்தையும் மீறிக் கல்யாணம் செய்துகொண்டார்.

பிறகு லாஸ் அலமாஸ் அணுகுண்டுத் திட்டம். ஆர்லீன் அல்புகர்க்கி ஊர் ஆஸ்பத்திரியில் இருந்தார். வாரக் கடைசியில் வழியில் போகிற வண்டிகளைக் கை காட்டி நிறுத்தி, சுமார் 160 கிலோமீட்டர் போய்ப் பார்த்துவிட்டு வருவார் ஃபெய்ன்மன். வார நாட்களில் ஐ.பி.எம். துளை அட்டை இயந்திரங்களை ஓட்டிய இளைஞர் குழுவுக்கு அவர் பொறுப்பு. எதற்காகக் கணக்குப் போடுகிறோம் என்பதே அந்தப் பையன்களுக்குத் தெரியாது. மேலிடத்தில் அனுமதி வாங்கி விஷயத்தைச் சொன்ன பிறகு, ஒன்பது மாதத்தில் மூன்று கணக்கு முடித்த இடத்தில் மூன்றே மாதத்தில் ஒன்பது முடிந்தது என்று பின்னாளில் அவரே விவரித்திருக்கிறார். ஆர்லீன் 1945 ஜூன் 16-ல் இறந்துபோனார். சரியாக ஒரு மாதம் கழித்து முதல் குண்டு சோதிக்கப்பட்டது.

1948-ல் அவருடைய புகழ்பெற்ற கட்டுரை வந்தது. ஒரு துகள் இங்கிருந்து அங்கே போக ஒரே பாதை என்று கிடையாது. சாத்தியமான எல்லாப் பாதைக்கும் ஒவ்வொரு எண் கொடுத்துக் கூட்டணும். சில எண்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போயிடும். மிச்சம் நிற்பதிலிருந்துதான் விடை வரும். 1965-ல் ஷ்விங்கர், டோமோனாகா இருவரோடும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

1978-ல் வயிற்றில் புற்றுநோய்க் கட்டிக்கு அறுவை சிகிச்சை நடந்தது. அதற்குப் பிறகும் மனிதர் ஓயவில்லை. 1981-ல் எம்.ஐ.டி. நடத்திய மாநாட்டில் ஒரு கேள்வியைப் போட்டார்: இயற்கையை அப்படியே கணிப்பொறியில் நடித்துக் காட்ட முடியுமா? சாதாரணக் கணிப்பொறியால் குவாண்டம் உலகத்தைச் சிக்கனமாக நடித்துக் காட்ட முடியாது, அதற்குக் குவாண்டம் விதிப்படியே ஓடும் இயந்திரம் வேணும் என்பது அவர் கண்ட முடிவு.

ஏன் முடியாது? சதுரங்கக் கட்டத்தில் நெல்மணியை இரட்டித்துக்கொண்டே போன கதை நமக்குத் தெரியும். இதுவும் அதே கதைதான். ஒரு க்யூபிட் கூடினால் நினைவில் வைக்க வேண்டிய எண்கள் இரட்டிக்கும். எண்ணுக்கு 16 பைட் என்று வைத்தால், 30 க்யூபிட்டுக்கு 16 ஜிகாபைட் போதும். நல்ல மேஜைக் கணிப்பொறியே தாங்கும். 50 க்யூபிட் என்றால் ஒரு கோடியே 67 லட்சம் ஜிகாபைட்!

இதற்கு ஒரு மாற்று வழி ஃபெய்ன்மனின் பழைய கட்டுரையிலேயே இருந்ததுதான் வேடிக்கை. எல்லா எண்களையும் சேர்த்து வைக்காமல், சுற்றின் வழியே போகும் பாதைகளை ஒவ்வொன்றாகக் கணக்கிட்டுக் கூட்டினால் நினைவகம் கொஞ்சம் போதும். ஆனால் பாதைகள் எக்கச்சக்கம், நேரம் தின்றுவிடும். இடமா, நேரமா என்ற இந்தப் பேரம்தான் இன்றைக்கும் நடக்கிறது.

அவர் முடிவுக்கு விதிவிலக்குகளும் வந்தன. குறிப்பிட்ட சில வகை வாயில்கள் மட்டும் கொண்ட சுற்று ஆயிரக்கணக்கான க்யூபிட் ஆனாலும் சாதாரணக் கணிப்பொறியிலேயே ஓடும் என்பது 1998-ல் வெளியான காட்டஸ்மன்-நில் தேற்றம். பின்னிப்பிணைப்பு குறைவாக இருந்தால் கணக்கு சுலபம் என்று 2003-ல் விடால் காட்டினார். 2019-ல் கூகுள் 53 க்யூபிட் சில்லு ஒன்று 200 விநாடியில் செய்த வேலைக்கு, பெரிய கணிப்பொறிக்கு 10,000 ஆண்டு ஆகும் என்றது. வட்டுகளையும் சேர்த்துக்கொண்டால் இரண்டரை நாள்தான் என்று ஐ.பி.எம். மறுத்தது. 2022-ல் பதிப்பான ஆய்வில் சீன ஆராய்ச்சியாளர்கள் சுற்றை வலைப்பின்னலாக மாற்றி, துண்டு துண்டாக வெட்டி, 512 கிராபிக்ஸ் சில்லுகளில் சுமார் 15 மணி நேரத்தில் முடித்தே காட்டிவிட்டார்கள். பழைய கணிப்பொறியை அவ்வளவு சீக்கிரம் ஓரங்கட்ட முடியாது பாருங்க!

அப்படின்னா ஃபெய்ன்மன் தோற்றாரா? இல்லை. இந்தத் தந்திரங்கள் எல்லாம் எல்லையைத் தள்ளி வைக்கின்றன. எல்லாச் சுற்றுக்கும் பொருந்தும் சுலப வழி கிடைக்கவில்லை. அப்படியொரு வழி இருக்கவே முடியாது என்று கணித முறையில் யாரும் நிரூபிக்கவும் இல்லை. அவர் போட்ட கேள்வி இன்னும் திறந்தேதான் இருக்கிறது.

1983 கோடையில் 65,536 சிறு செயலிகள் கொண்ட கணிப்பொறி ஒன்றைக் கட்டிய சிறிய நிறுவனத்தில், நோபல் பரிசு வாங்கிய மனிதர், வயது 65, இளைஞர்களோடு இளைஞராக வேலை பார்த்தார். 1988 பிப்ரவரி 15-ல் லாஸ் ஏஞ்சலிஸில் காலமானார்.

இன்று நம் கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. குவாண்டம் இயந்திரம் நம்மிடம் இல்லையே என்று ஒதுங்கி நிற்க வேண்டாம். நினைவகத்தையும் நேரத்தையும் பேரம் பேசும் புது வழியைத் தேட ஒரு சாதாரணக் கணிப்பொறியும், நேரியல் இயற்கணிதமும், ஒரு நோட்டுப் புத்தகமும் போதும். 20 க்யூபிட்டில் தொடங்குங்கள். எந்த இடத்தில் உங்கள் இயந்திரம் திணறுகிறது என்று நீங்களே பாருங்கள். ஃபெய்ன்மன் கேட்ட கேள்வி அப்போது உங்கள் சொந்தக் கேள்வியாகிவிடும்.