கொட்டகையில் கிடக்கும் பாடநூல்

திண்டுக்கல் சீமையிலே, தோட்டத்துக் கொட்டகையில் துருவேறிக் கிடக்கும் பழைய மோட்டார் வண்டியைக் காணுந்தோறும் ஜி. டி. நாயுடுவை நாம் நினைக்கிறோம்.

1893-இல் கோவையை அடுத்த கலங்கலில், உழவர் குடும்பத்தில் பிறந்தவர். பள்ளிப் படிப்பை முடித்தவரல்லர். ஓட்டலில் உழைத்துச் சேர்த்த காசில் மோட்டார் சைக்கிள் வாங்கினார். அதைக் கழற்றிப் பூட்டியே இயந்திரக் கலை பயின்றார். 1920-இல் பழனிக்கும் பொள்ளாச்சிக்கும் இடையே ஒரே ஒரு பஸ் விட்டார், ஓட்டியவரும் அவரே! அந்த ஒன்றே பின்னர் யு. எம். எஸ். என்னும் பெரும் பஸ் நிறுவனமாய் வளர்ந்தது. 1974-இல் அவர் மறைந்தார். பழைய கார்களுக்கெனக் கோவையில் 2015-இல் ஓர் அருங்காட்சியகம் அவர் பெயர் சொல்லி எழுந்தது.

கொட்டகை வண்டியைப் பழைய இரும்புக்காரனின் தராசில் ஏற்றுவோரை நாம் கேட்கிறோம்: ஏட்டுப் படிப்பு எட்டாத ஏழைச் சிறுவன் கையில் அதைக் கொடுத்தால் என்ன? கழற்றட்டும், பூட்டட்டும், கற்கட்டும்!