ஓலைக் குடிசையில் பிளேக் கிருமியைக் கண்ட டாக்டர்

1894-ம் ஆண்டு ஜூன் மாதம். ஹாங்காங் நகரில் பிளேக் நோய் தலைவிரித்து ஆடியது.

முதலில் கடுங்காய்ச்சல் வரும். தொடை இடுக்கிலும் அக்குளிலும் நெறி கட்டும். நெறி எலுமிச்சம்பழம் போல் வீங்கும். நாலைந்து நாளில் ஆள் பிணமாவார். மக்கள் வீடுவாசலைப் போட்டுவிட்டு, கிடைத்த படகில் ஏறி ஓடினார்கள். நோய் எதனால் வருகிறது என்று உலகில் ஒருவருக்கும் தெரியாது. கெட்ட காற்று என்றனர் சிலர். மண்ணில் இருந்து கிளம்பும் விஷம் என்றனர் சிலர்.

அந்த மாதம் 15-ந்தேதி 30 வயது டாக்டர் ஒருவர் கப்பலில் வந்து இறங்கினார். அவரிடம் ஒரு மைக்ராஸ்கோப்பும் சில சாமான்களும் இருந்தன. வந்த ஐந்தாவது நாள், உலகையே நடுங்க வைத்த நோயின் கிருமியை அவர் கண்ணால் பார்த்துவிட்டார்.

அவர்தான் டாக்டர் அலெக்சாண்டர் யெர்சின்.

தகப்பன் முகம் பாராத பிள்ளை

யெர்சின் 1863-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந்தேதி, சுவிட்சர்லாந்து நாட்டில் ஒபோன் என்ற சிற்றூரில் பிறந்தார். அவர் பிறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்பே தகப்பனார் இறந்து போனார். தாயார், பெண் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் ஒரு பள்ளியை நடத்திக் குடும்பத்தைக் காப்பாற்றினார்.

தகப்பனார் பூச்சிகளை ஆராய்வதில் ஆசை உள்ளவர். அவருடைய பழைய மைக்ராஸ்கோப் வீட்டுப் பரணில் கிடந்தது. சிறுவன் யெர்சின் அதைக் கண்டெடுத்தான். பின்னாளில் அந்தக் கருவியே அவருடைய வாழ்க்கை ஆயிற்று.

சுவிட்சர்லாந்திலும் ஜெர்மனியிலும் மருத்துவம் படித்துவிட்டுப் பாரீஸ் நகருக்கு வந்தார். அங்கே வெறிநாய்க்கடியால் இறந்த ஒருவரின் உடலை அறுத்துச் சோதித்தபோது கத்தி அவர் கையையே கீறிவிட்டது. உடனே, புகழ் பெற்ற லூயி பாஸ்டரின் ஆராய்ச்சிக்கூடத்துக்கு ஓடினார். பாஸ்டரின் வலக்கையாக இருந்த டாக்டர் ரூ அவருக்கு ஊசி போட்டுக் காப்பாற்றினார். நோயாளியாகப் போனவர் அங்கேயே உதவியாளராகச் சேர்ந்துவிட்டார். குழந்தைகளின் தொண்டையை அடைத்துக் கொல்லும் டிப்தீரியா நோயில், கிருமி வெளியிடும் விஷமே உயிரைக் குடிக்கிறது என்பதை ரூவும் யெர்சினும் சேர்ந்து கண்டுபிடித்தனர்.

25 வயதுக்குள் பெயர் வந்துவிட்டது. ஆனால் பாரீஸ் வாழ்க்கை அவருக்குப் பிடிக்கவில்லை. கடல் அழைத்தது. 1890-ம் ஆண்டு வேலையை விட்டுவிட்டுக் கப்பல் டாக்டராகக் கிழக்கே புறப்பட்டார். அன்று பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்த வியட்நாம் கரையோரம் ஓடும் கப்பல்களில் வேலை. பிறகு அங்குள்ள மலைக்காடுகளுக்குள் நடந்தே போய்ப் பாதைகளை வரைபடம் ஆக்கினார். கொள்ளையரிடம் சிக்கிக் காயமும் பட்டார். 1893-ம் ஆண்டு அவர் கண்டு சொன்ன குளிர்ந்த மேட்டு நிலத்தில்தான் பின்னர் தலாத் நகரம் எழுந்தது. மூணாறைப் போன்ற உயரத்தில் உள்ள மலை ஊர் அது.

பிணவறைக்குள் விடவில்லை

ஹாங்காங்கில் பிளேக் பரவியதும், பிரெஞ்சு அரசு யெர்சினை அங்கே அனுப்பியது. அவருக்கு மூன்று நாள் முன்பே ஜப்பானில் இருந்து டாக்டர் கிடாசாட்டோ வந்துவிட்டார். அவர் உலகப் புகழ் பெற்றவர். ஜெர்மானிய விஞ்ஞானி ராபர்ட் காக்கின் மாணவர். அவருடன் உதவியாளர்கள் பலர் வந்தனர். பிரிட்டிஷ் அதிகாரிகள் ஆஸ்பத்திரியில் அவருக்கு அறை கொடுத்தனர். சோதனைக்குப் பிணங்களும் கொடுத்தனர்.

யெர்சினுக்கு எதுவும் கிடைக்கவில்லை. பிணவறைப் பக்கமே அவரை விடவில்லை. இத்தாலி நாட்டுப் பாதிரியார் ஒருவர் அவருக்கு உதவினார். மூங்கிலும் ஓலையும் கொண்டு யெர்சின் ஒரு குடிசை போட்டுக்கொண்டார். அதுவே வீடு, அதுவே ஆராய்ச்சிக்கூடம்.

பிணங்களைப் புதைக்கும் வேலையை ஆங்கிலேயக் கப்பல் மாலுமிகள் பார்த்து வந்தனர். பாதிரியாரின் யோசனைப்படி அவர்கள் கையில் சில்லறை வைக்கப்பட்டது. பிணவறைக் கதவு திறந்தது. பெட்டிகளில் பிணங்கள் சுண்ணாம்பு போட்டு மூடிக் கிடந்தன. யெர்சின் சுண்ணாம்பை விலக்கினார். தொடை இடுக்கில் இருந்த நெறிக்கட்டியை அறுத்து எடுத்தார். ஒரு நிமிட வேலைதான். ஓட்டமாகக் குடிசைக்கு வந்து மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார்.

கட்டி முழுவதும் ஒரே வகைக் கிருமிகள் மொய்த்துக் கிடந்தன. குட்டையான, முனை மழுங்கிய சிறு குச்சிகளைப் போல இருந்தன. அன்று ஜூன் 20-ந்தேதி.

ஏழ்மையே உதவியது

கிடாசாட்டோவும் அதே நாட்களில் ஒரு கிருமியைக் கண்டதாக அறிவித்தார். ஆனால் அவர் முக்கியமாக இரத்தத்தையும் உள்ளுறுப்புகளையும் சோதித்தார். அவர் வளர்த்த கிருமியோடு நிமோனியாக் கிருமியும் கலந்துவிட்டதாக ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். அதனால் அவர் எழுதிய விவரங்கள் ஒன்றுக்கொன்று முரண்பட்டன. பிளேக் கிருமியை அவரும் பார்த்திருக்கலாம். ஆனால் தெளிவாக அடையாளம் காட்டியவர் யெர்சின்தான்.

யெர்சின் நேராக நெறிக்கட்டியிடம் போனார். நோய் எந்த இடத்தில் தன் முகத்தைக் காட்டுகிறதோ, அந்த இடத்தில்தானே கிருமி இருக்க வேண்டும் என்று நினைத்தார். இன்னொரு விஷயமும் உண்டு. கிருமிகளை உடல் சூட்டில் வைத்து வளர்க்கும் பெட்டி கிடாசாட்டோவிடம் இருந்தது. யெர்சினிடம் இல்லை. குடிசைக்குள் இருந்த சாதாரண வெப்பத்திலேயே அவர் கிருமியை வளர்த்தார். பிளேக் கிருமிக்குப் பிடித்தது உடல் சூடு அல்ல. அதைவிடக் குறைந்த வெப்பம்தான். வசதி இல்லாததே அவருக்கு வசதியாகிவிட்டது.

செத்த எலிகள் சொன்ன சேதி

நகரத் தெருக்களிலும் வீடுகளிலும் எலிகள் செத்துக் கிடந்ததை யெர்சின் கவனித்தார். எல்லோரும்தான் பார்த்தார்கள். அவர் ஒரு எலியைக் குடிசைக்குக் கொண்டுபோய் அறுத்துப் பார்த்தார். எலிக்குள்ளும் அதே கிருமி இருந்தது. பிளேக் முதலில் எலிக்கு வரும் நோய், பிறகே மனிதனுக்கு வருகிறது என்பது விளங்கியது.

எலியிடம் இருந்து மனிதனுக்கு எப்படித் தாவுகிறது என்பது மட்டும் தெரியவில்லை. அந்தப் புதிரை டாக்டர் சிமோன் 1898-ம் ஆண்டு கராச்சியில் அவிழ்த்தார். செத்த எலியை விட்டு வெளியேறும் தெள்ளுப்பூச்சி மனிதனைக் கடிக்கிறது. கிருமி அதன் வழியே வருகிறது. இதையும் உலகம் உடனே நம்பவில்லை. பல ஆண்டுகள் கழித்தே ஒப்புக்கொண்டது.

பம்பாய்க்கு வந்தார்

குதிரையின் உடலில் கிருமியைச் செலுத்தி, அதன் இரத்தத்தில் இருந்து மருந்து தயாரிக்கும் வேலையில் யெர்சின் இறங்கினார். 1896-ம் ஆண்டு சீனாவின் அமாய் துறைமுகத்தில் 23 நோயாளிகளுக்கு அந்த மருந்தைக் கொடுத்தார். 21 பேர் பிழைத்தனர்.

அதே ஆண்டு பிளேக் கப்பல் ஏறிப் பம்பாய்க்கு வந்தது. 1897-ல் யெர்சினும் வந்தார். ஆனால் இங்கே மருந்து எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. நோய் முற்றிய பிறகு வந்தவர்களைக் காப்பாற்ற முடியவில்லை. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வீடு புகுந்து சோதனை போட்டதால், மக்கள் நோயாளிகளை ஒளித்து வைத்தனர். புனாவில் அந்தக் கெடுபிடி பொறுக்காமல், பிளேக் அதிகாரி ராண்டை சாபேக்கர் சகோதரர்கள் சுட்டனர். பம்பாயில் அப்போது ஹாப்கின் என்ற விஞ்ஞானி தடுப்பூசி தயாரித்து, முதலில் தனக்கே போட்டுக்கொண்டார். யெர்சின் தோல்வியை மறைக்காமல் ஊர் திரும்பினார். அவருக்குப் பதிலாக வந்தவர்தான் சிமோன்.

அந்தப் பிளேக் இந்தியாவில் 1 கோடிக்கும் அதிகமானோரைக் கொன்றது. நம் பக்கத்தையும் அது விடவில்லை. பாலக்காட்டில் இருந்து வாளையாறு தாண்டினால் கோவை. அங்கே பிளேக் மாரியம்மன் என்ற பெயரிலேயே கோயில்கள் இருக்கின்றன. ஊரை விட்டு ஓடியவர்களும் உறவைப் புதைத்தவர்களும் கும்பிட்ட தெய்வம் அது. இடுக்கியில் இருந்து குமுளி இறங்கினால் கம்பம் பள்ளத்தாக்கு. அங்கேயும் பிளேக் வந்து வந்து போனது. அது ஏன் அந்தப் பள்ளத்தாக்கை விட்டுப் போகவில்லை என்று ஜார்ஜ், வெப்ஸ்டர் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் ஊர் ஊராக எலி பிடித்து ஆராய்ந்து, 1934-ல் அறிக்கை வெளியிட்டனர். யெர்சின் குடிசையில் செய்த வேலையின் தொடர்ச்சிதான் அது.

மீனவர்களின் ஐந்தாம் ஐயா

பம்பாயில் இருந்து திரும்பிய யெர்சின், வியட்நாமின் நாட்ராங் கடற்கரையிலேயே வாழ்ந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. ஆராய்ச்சிக்கூடத்துக்குப் பணம் வேண்டும் என்பதற்காக ரப்பர் மரம் வைத்தார். கேரளத்தில் பெரியாற்றங்கரைத் தட்டேக்காட்டில் முதல் ரப்பர் தோட்டம் 1902-ல் எழுந்த அதே காலம் அது. மலேரியாவுக்குக் கொய்னா கிடைக்க வேண்டும் என்று மலையில் சின்கோனா மரமும் வளர்த்தார். நம் வால்பாறைப் பக்கம் அந்த மரத்தின் பெயரிலேயே ஓர் ஊர் இருக்கிறது அல்லவா! ஹனோய் நகரில் மருத்துவப் பள்ளியைத் தொடங்கி வைத்தவரும் அவரே.

நோயாளியிடம் பணம் கேட்பது அவருக்குப் பிடிக்காது. மீனவர் குப்பத்தின் நடுவே குடியிருந்தார். புயல் வருவதை முன்கூட்டியே கணித்து மீனவர்களுக்குச் சொல்வார். புயல் நேரத்தில் அவர்களைத் தம் வீட்டில் தங்க வைப்பார். அவருடைய சீருடையில் ஐந்து பட்டைகள் இருந்ததால், மக்கள் அவரை ஐந்தாம் ஐயா என்று அழைத்தனர்.

1943-ம் ஆண்டு மார்ச் 1-ந்தேதி, 79-வது வயதில் யெர்சின் காலமானார். ஆடம்பரமும் சொற்பொழிவும் வேண்டாம் என்று எழுதி வைத்திருந்தார். ஆனாலும் ஏழை மக்கள் திரண்டு வந்து, அவருடைய ரப்பர் தோட்டத்து மண்ணில் அவரை அடக்கம் செய்தனர். பிரெஞ்சுக்காரர் ஆட்சி போய், பெரும் போர்கள் நடந்து, வியட்நாமில் தெருப் பெயர்கள் எத்தனையோ மாறின. யெர்சின் பெயர் மாறவில்லை. பிளேக் கிருமிக்கு உலக விஞ்ஞானிகள் வைத்த பெயரும் யெர்சினியாதான்.

நமக்கு என்ன?

பிளேக்குக்கு இன்று நல்ல மருந்துகள் உள்ளன. மருந்து கொடுக்காவிட்டால், நெறி கட்டும் பிளேக் 100 பேரில் 30 முதல் 60 பேரைக் கொல்லும். காலத்தில் கண்டுபிடித்தால் பெரும்பாலோர் பிழைப்பார்கள். ஹாங்காங்குக்குச் சரியாக 100 ஆண்டு கழித்து, 1994-ல் சூரத்தில் பிளேக் பீதி கிளம்பியது. பிழைக்க வந்த வெளியூர்த் தொழிலாளர்கள் லட்சக்கணக்கில் ரெயில் ஏறி ஓடினார்கள். அது பிளேக்தானா என்ற சர்ச்சை அடங்கவே மாதக்கணக்கில் ஆயிற்று.

கேரளத்தில் இன்று நம் தொழிலாளரை அதிகம் மிரட்டுவது எலிக்காய்ச்சல். மலையாளத்தில் எலிப்பனி என்பார்கள். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரில் நிற்கும்போது, கால் வெடிப்பு வழியாகவும் காயம் வழியாகவும் கிருமி ஏறும். வயல் வேலை, வாய்க்கால் தூர் வாருதல், ஓடை சுத்தம் செய்தல், மாடு பராமரிப்பு ஆகிய வேலைகளைச் செய்பவர்களுக்கு ஆபத்து அதிகம். 2018 வெள்ளத்துக்குப் பிறகு பலரைத் தாக்கியது இதுதான். இந்தக் கிருமியை 1915-ல் அடையாளம் காட்டிய ஜப்பானிய டாக்டர் இனாடா குழுவினரும், ஈரச் சுரங்கங்களில் வேலை செய்த தொழிலாளர்களைப் பார்த்துத்தான் தடம் பிடித்தார்கள்.

காய்ச்சல், தலைவலி, கெண்டைக்காலில் தொட முடியாத வலி, கண் சிவப்பு ஆகியவை இதன் அறிகுறிகள். முற்றினால் மஞ்சள் காமாலை வரும், சிறுநீரகம் கெடும். ஆனால் தொடக்கத்தில் சாதாரணக் காய்ச்சல் போலவே இருக்கும். முதல் சில நாட்களில் இரத்தப் பரிசோதனையிலும் பிடிபடாமல் போகலாம். அப்போது டாக்டருக்கு வழிகாட்டுவது நீங்கள் சொல்லும் ஒரு வார்த்தைதான்.

ஆகவே, கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். மலையாளம் சரியாக வராவிட்டாலும் பரவாயில்லை. இரண்டு வாரத்துக்குள் எந்தத் தண்ணீரில் நின்றீர்கள், வேலை இடத்தில் எலி உண்டா, காலில் புண் உண்டா என்பதைச் சொல்லுங்கள். சேற்று வேலைக்குப் போகும் முன் தடுப்பு மாத்திரை வேண்டுமா என்றும் அங்கேயே கேளுங்கள்.

செத்த எலியை ஹாங்காங்கில் எல்லோரும் தாண்டிப் போனார்கள். யெர்சின் குனிந்து எடுத்தார். அதனால் ஒரு நோயின் முகம் தெரிந்தது. எலியைப் பற்றி டாக்டரிடம் நாம் சொன்னால், நம் வீட்டிலும் ஓர் உயிர் பிழைக்கும்.